அனுப்பியவரைக் காணோம்

2025 டிசம்பரில் 'துரந்தர்' வந்ததிலிருந்து சினிமா பேசுகிற இடங்களிலெல்லாம் ஒரு தீர்ப்பு காதில் விழுகிறது. பயங்கரவாதத்தையும் நிழலுலகத்தையும் ஒரே கதையில் கோக்கும் ஒற்றர் படம் இந்தியாவில் இப்போதுதான் வயதுக்கு வந்திருக்கிறதாம். அதற்கு முன்பு வந்தவையெல்லாம் பாட்டும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாம். ஆதித்ய தர் தொழில் தெரிந்தவர்தான். கராச்சியின் லியாரிப் பேட்டையை அவர் கட்டி எழுப்பியிருக்கும் விதத்திலும், ரஹ்மான் டகைத்தாக அக்‌ஷய் கன்னா சும்மா நடந்து வருவதிலேயே கிளப்பும் கிலியிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றரை மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். வயதுக்கு வந்த கதையைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இந்த வகைப் படம் 1994இலேயே முதிர்ந்துவிட்டது, அதன்பிறகு பெரும்பாலும் சின்னப்பிள்ளையாகிக்கொண்டே வந்திருக்கிறது என்பது என் கட்சி.

ஒற்றர் கதையில் இரண்டு பேர் உண்டு. பெயரை மாற்றிக்கொண்டு எதிரிக் கூட்டத்துக்குள் போகிறவர் ஒருவர். அவரை அனுப்பிவிட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் இன்னொருவர். விசில் எப்போதும் முன்னவருக்கு. ஆனால் வள்ளுவர் ஒற்றாடலுக்குப் பத்துக் குறள் ஒதுக்கியபோது பெரும்பாலும் பின்னவரிடம்தான் பேசினார். ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னொருவனை வைத்துச் சோதித்துப் பார், ஒருவனை ஒருவன் அறியாதபடி ஆண்டுகொள், ஊரறிய அவனுக்குச் சிறப்புச் செய்துவிடாதே என்று. கடைசி அறிவுரைக்குள் ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது. ஊரறியச் சிறப்புச் செய்ய வேண்டாதவனை ஊரறியாமலே கைவிட்டும் விடலாம். நம் ஒற்றர் படங்களில் எது தேறும், எது தேறாது என்பதை இந்த மேசைக்காரரை அவை எப்படி நடத்தின என்பதை வைத்தே நான் பார்க்கிறேன்.

ஆரம்ப காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். ராமநாதபுரம் பனைக்குளத்திலிருந்து போன ஹாஜி மஸ்தானின் சாயலில் 1975இல் 'தீவார்', வரதராஜ முதலியாரின் சாயலில் 1987இல் 'நாயகன்'. அந்தக் காலத்துப் பம்பாய் தாதாவிடம் கடத்தல் சரக்கும் ஏழைகளின் கும்பிடும் இருந்தன, வெடிகுண்டு இல்லை. அந்த உலகத்துக்குள் போலீஸ் ஆள் நுழைந்த பெரிய கதை 1978இன் 'டான்'. சலீம்-ஜாவேத் எழுதி, சந்திரா பரோட் எடுத்தது; இரண்டே ஆண்டில் 'பில்லா'வாகத் தமிழுக்கு வந்தது. மசாலா என்று ஒதுக்கப்படும் அந்தக் கதையின் முடிச்சைப் பாருங்கள். செத்துப்போன தாதாவின் இடத்தில் பாடியாடிப் பிழைக்கும் விஜய்யைக் கொண்டுபோய் வைக்கிறார் டி.எஸ்.பி. டிசில்வா. அவன் யாரென்று அவரைத் தவிர போலீஸில் ஒருவருக்கும் தெரியாது. அவர் செத்ததும் விஜய் என்றொரு ஆளே இல்லாமல் போகிறான்; மிஞ்சுவது டான் மட்டும். போதாததற்கு, இன்டர்போல் அதிகாரியென்று வந்து நிற்பவனே கும்பலின் முக்கியப் புள்ளி. வெற்றிலைப் பாட்டில் இதெல்லாம் மறந்துபோகிறது, அது வேறு விஷயம். 2006இல் ஃபர்ஹான் அக்தர் இதையே மறுபடி எடுத்து, திருப்பத்துக்கு மேல் திருப்பம் வைத்து, விஜய்யாக வந்தவனே டான்தான் என்று முடித்தார். புத்திசாலித்தனம்தான். ஆனால் அனுப்பப்பட்டவன் என்று ஒருவனே இல்லாதபோது கைவிடப்பட்டவன் எங்கிருந்து வருவான்? மூலக்கதையின் வலி அந்தச் சாமர்த்தியத்தில் கரைந்துபோனது.

1993 மார்ச் 12 அன்று பம்பாயில் அடுத்தடுத்து வெடித்த குண்டுகளில் 257 பேர் இறந்தார்கள். தங்கமும் வெள்ளியும் இறங்கிய கொங்கணக் கரையிலேயே ஆர்.டி.எக்ஸ். இறங்கியிருந்தது. நிழலுலகம், பயங்கரவாதம் என்ற இரண்டையும் பத்திரிகைகள் சேர்த்தே எழுதத் தொடங்கியது அதன் பிறகுதான். ஏப்ரலில் சஞ்சய் தத் தடா சட்டத்தில் கைதானார். ஆகஸ்டில் அவர் பயங்கரவாதியாக நடித்த 'கல்நாயக்' திரைக்கு வந்தது. சோளிப் பாட்டைத் தவிர வேறெதற்கும் அதை யாரும் நினைப்பதில்லை. அதில் ஒற்றராகப் போவது ஒரு பெண் போலீஸ், மாதுரி தீட்சித்தின் கங்கா. நாட்டியக்காரி வேஷத்தில் சஞ்சய் தத்தின் பல்லுவோடு அலைந்தவள் மீது, அவனுக்குத் துணைபோனாள் என்ற பழி விழுகிறது. அவளைக் கூண்டிலிருந்து மீட்பது அவளை அனுப்பிய துறையல்ல, அவள் பிடிக்கப்போன குற்றவாளி. சுபாஷ் கை எல்லாவற்றையும் சர்க்கரைப் பாகில் முக்கித்தான் எடுப்பார். இருந்தும் எலும்பு உள்ளே தட்டுப்படுகிறது.

மறு ஆண்டு வந்தது கோவிந்த் நிஹலானியின் 'த்ரோகால்'. இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. பட்டியல் போடுகிறவர்கள் 1983இன் 'அர்த் சத்யா'வோடு நிஹலானியை மூடிவைத்துவிடுகிறார்கள். மரியாதைக்குத் 'தமஸ்' ஒன்றைச் சேர்ப்பார்கள். பயங்கரவாத இயக்கமொன்றுக்குள் தங்கள் ஆட்களை இறக்கிவிட்டிருக்கும் இரண்டு அதிகாரிகளின் கதை 'த்ரோகால்'. அபய் சிங்காக ஓம் பூரி, அப்பாஸ் லோதியாக நசீருதீன் ஷா. ஒற்றர்களை அவ்வப்போதுதான் பார்க்கிறோம். படம் முழுக்க மேசைப் பக்கத்திலேயே நடக்கிறது. இந்தி சினிமாவில் அதுவரை காணாத ஏற்பாடு அது. பிடிபட்ட தலைவன் பத்ரா விசாரணை அறையில் கிடக்கிறான், ஆனால் விசாரிக்கப்படுவது அபய் சிங். அவருடைய வீடு, மனைவி, மகன், அவருக்கே தெரியாமல் அவருக்குள் இருக்கும் பயம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கிறான் பத்ரா. எந்த மனிதனுக்கும் முறிகிற இடம் ஒன்று உண்டு, அது எங்கே என்று கண்டுபிடித்தால் போதும் என்பது அவன் சித்தாந்தம். அபய் முறிகிறார். எதிரிக்குள் ஒற்றனை வைத்தவரே எதிரியின் ஒற்றனாகிறார்.

இதற்குப் பிறகுதான் படத்தின் சிறந்த பகுதி. தன் வாயிலிருந்து ஒரு பெயர் வெளியே போனால் உள்ளே இருக்கும் தன் ஆள் பிணமாவான் என்று தெரிந்துகொண்டே அந்த மனிதர் வேலைக்குப் போகிறார், கூட்டங்களில் உட்காருகிறார், நண்பனின் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். குரலை உயர்த்தாமலே ஆளை அரைக்கும் பத்ராவாக நடித்த ஆஷிஷ் வித்யார்த்திக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது, நியாயமான விருது. ஆனால் படம் வாழ்வது ஓம் பூரியின் தழும்பேறிய முகத்தில் வெட்கம் மெல்ல மெல்லப் படர்வதில்தான். பெனகலின் படங்களுக்கு ஒளிப்பதிவாளராக இருந்த நிஹலானிக்கு ஒரு முகத்தை எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பது தெரியும்.

இதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் ஒரு ஒளிப்பதிவாளரே. கமல் எழுத, பி.சி. ஸ்ரீராம் இயக்கிய 'குருதிப்புனல்' 1995 தீபாவளிக்கு வந்தது. பாட்டே இல்லாத படத்தை 'முத்து'வுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினார்கள். (கீழ்வெண்மணியைப் பேசிய இந்திரா பார்த்தசாரதி நாவலின் தலைப்பு இந்தக் கதைக்கு எதற்கு என்று எனக்கு இன்றும் புரியவில்லை.) ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் போன படம் என்பதை மட்டும் எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல விரும்புவது அதன் முடிவை. கமல் நடித்த அதிகாரி ஆதிநாராயணன் தன் ஒற்றனின் வேஷம் கலையாமலிருக்க அவன் கையாலேயே சாகிறான். அனுப்பியவர் கடனை அடைக்கும் ஒரே வழி அது என்று படம் கணக்குப் போடுகிறது. கமலின் ஆதி உடைவதில் ஒரு கம்பீரம் இருக்கிறது, ஓம் பூரி உடைவதில் அதுகூட இல்லை. என் ஓட்டு ஓம் பூரிக்கு. நாசரின் பத்ரி வித்யார்த்தியை மிஞ்சினார் என்பவர்களோடு மட்டும் சண்டைக்குப் போகமாட்டேன்.

'த்ரோகால்' காட்டும் இயக்கத்துக்கு ஊர் கிடையாது, காரணம் தெளிவில்லை. விலாசமில்லாத பயங்கரவாதம். குறைதான், மறுக்கவில்லை. ஆனால் அதனாலேயே எதிரியை வெறுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகும் வசதி பார்க்கிறவருக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த பத்தாண்டை ராம் கோபால் வர்மா விழுங்கினார். 'சத்யா', 'கம்பெனி' பற்றி எழுதப்பட்டிருக்கும் ஆயிரம் கட்டுரைகளோடு இன்னொன்றைச் சேர்க்க விருப்பமில்லை. நம் தடத்தில் வருவது அனுராக் காஷ்யப்பின் 'பிளாக் ஃப்ரைடே'. 1993 குண்டுவெடிப்பு வழக்கு நடந்துகொண்டிருந்ததால் நீதிமன்றம் தடுத்துவைத்து, 2007இல்தான் வெளிவந்தது. அதில் பாத்ஷா கானின் அத்தியாயம் இந்தி சினிமாவின் பொக்கிஷம். குண்டு வைக்கப் போனவர்களில் ஒருவன், ஏவிய டைகர் மேமன் வெளிநாட்டில் இருக்க, பணத்துக்கும் ஒரு தொலைபேசி அழைப்புக்கும் காத்து ஊர் ஊராக அலைகிறான். தான் கைவிடப்பட்டதை அவன் புரிந்துகொள்ளும் வேகம்தான் படத்தின் வேகம். பிடிபட்டு அவன் அப்ரூவர் ஆகும்போது, குற்றத்தின் பக்கத்திலும் ஒரு மேசை உண்டு, அதுவும் ஆளைக் கைவிடும் என்று தெரிகிறது. அனுதாபம் தேடாமல் இதைச் சொன்னது காஷ்யப்பின் துணிச்சல்.

ஏறக்குறைய அதே நேரத்தில் தெலுங்கிலிருந்து 'போக்கிரி' கிளம்பி, 2007இல் விஜய்யோடு தமிழுக்கும் 2009இல் 'வான்டட்' என்று இந்திக்கும் போனது. ரவுடி என்று நம்பவைத்து, கடைசியில் ஐ.பி.எஸ். தொப்பியை எடுத்து மாட்டுவது. கைதட்டல் அள்ளியது. வேஷம் என்பதே பார்க்கிறவருக்குத் தெரியாதபோது வேஷம் போடுகிறவனின் பாரம் எப்படித் தெரியும்? அனுப்பியவர், அனுப்பப்பட்டவர் என்ற உறவு முழுவதும் கிளைமாக்ஸில் ஒரு சல்யூட்டாகச் சுருங்கிப்போனது.

இந்தச் சரிவில் எதிர்த்து நீந்திய படம் நிகில் அத்வானியின் 'டி டே'. 2013இல் வந்து, பெரிதாகப் பேசப்படாமல் போனது. கராச்சியில் ஒன்பது ஆண்டுகளாக நாவிதராக வாழும் ரா உளவாளி வலி கான். அங்கேயே மனைவி, மகன். இர்ஃபான் அந்த ஆளாக நடிப்பதுபோலவே தெரியாது. குழந்தையைத் தூக்கும்போது அவர் உளவாளியா தகப்பனா என்று நம்மால் பிரிக்க முடியாது, அவராலும் முடியாது. தாவூதின் சாயலில் வரும் தாதாவைத் தூக்கும் திட்டம் கெட்டதும் டெல்லி தன் ஆட்களைத் தெரியாதென்று சொல்லிவிடுகிறது. இங்கே நிறுத்தியிருந்தால் 'த்ரோகால்' பக்கத்தில் வைத்திருப்பேன். எல்லையருகே தாதா வசனம் பேச, நாயகன் சுட, தேசத்தின் பழைய ஆசை ஒன்று நிறைவேற, படம் கை நழுவிப் போகிறது. 2018இன் 'ராஸி' அப்படி நழுவவில்லை. நிழலுலகம் அதில் இல்லை, சேர்த்துக்கொள்ளக் காரணம், தன்னைக் காப்பாற்ற வந்த தன் பக்கத்து ஆட்களே தன்னைக் கொல்லவும் தயாராக இருந்தார்கள் என்று ஒற்றராகப் போன செஹ்மத்துக்குத் தெரியவரும் அந்த ஒரு காட்சி. சொன்னவர் மேக்னா குல்சார். பயங்கரவாதியாகிப்போன பையன்களை 'மாச்சிஸ்'ஸில் காட்டியவரின் மகள்.

இனி 'துரந்தர்'. மாதவன் நடிக்கும் அதிகாரி அஜய் சன்யால் தவறே செய்வதில்லை. அவருக்கு மேலே இருக்கிற அரசியல்வாதிகள் தவறு செய்வார்கள், எதிரி நாடு தவறு செய்யும். மேசை மட்டும் சுத்தம். சிறையிலிருந்து ஆளெடுத்து எதிரி மண்ணில் இறக்குகிறார்கள். தப்பிக்க வேறு வழியில்லாதவனிடம் வாங்கிய சம்மதம் என்ன சம்மதம் என்று கேட்க அங்கே ஒருவருமில்லை. நிஹலானி படம் முழுக்க உட்கார்ந்து யோசித்திருக்கக்கூடிய இடத்தை இந்தப் படம் ஒரு திருப்பமாகச் செலவழித்துவிட்டுப் போகிறது.

2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலின்போது வந்தவர்களோடு ஏவியவர்கள் தொலைபேசியில் பேசிய நிஜ ஒலிப்பதிவைத் 'துரந்தர்' பயன்படுத்தியிருக்கிறது. படத்தின் வலுவான நிமிடங்கள் அவைதான். தாஜிலும் நரிமன் இல்லத்திலும் சாகப்போகிற பையன்களுக்கு எங்கோ பத்திரமாக உட்கார்ந்துகொண்டு ஒருவன் பொறுமையாக அறிவுரை சொல்கிறான். 166 உயிர்களின் கணக்கில் அந்தக் குரலை எந்த அரசாங்க மேசையோடும் சமமாக வைக்க எனக்கு எண்ணமில்லை. ஆனால் அனுப்புகிறவனின் குரலை இத்தனை அருகில் கேட்கவைத்த படத்துக்கு, தன் பக்கத்து மேசையிலும் ஒரு நிமிடம் ஒட்டுக்கேட்கத் தோன்றவில்லை.

எழுதப்படாமல் கிடக்கும் கதை அதே தாக்குதலில்தான் இருக்கிறது. டேவிட் ஹெட்லி ஹெராயின் கடத்தலில் பிடிபட்டு அமெரிக்கப் போதைத் தடுப்புத் துறைக்குத் தகவல் சொல்பவரானார். பிறகு லஷ்கர்-இ-தொய்பா இயக்கத்துக்காகப் பலமுறை மும்பைக்கு வந்து இடங்களைப் படம்பிடித்தார். 2013இல் சிகாகோவில் 35 ஆண்டு தண்டனை பெற்றார். 2016இல் மும்பை நீதிமன்றத்துக்குக் காணொளி வழியே அப்ரூவராகச் சாட்சியம் சொன்னார். கடத்தல், பயங்கரவாதம், இரட்டை வேஷம் மூன்றும் ஒரே ஆளில். 2015இன் 'ஃபாண்டம்' இவரைப் பழிவாங்கல் பட்டியலில் ஒரு பெயராக மட்டும் பார்த்தது. அந்த ஆளைக் காட்டிலும் எனக்கு முக்கியமானவர், அவரைத் தகவலாளியாகப் பதிவுசெய்து கோப்பைத் திறந்த அதிகாரி. பின்னாளில் மும்பைச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அந்த மனிதர் என்ன செய்தார் என்பதிலிருந்து திரைக்கதை தொடங்கலாம். நடிக்க ஓம் பூரி இல்லை, 2017இல் போய்விட்டார். நசீருதீன் ஷா இருக்கிறார்.