மலையைப் பார்க்கும் உரிமை: திருவண்ணாமலையின் கட்டட உயரமும் நகர்மையக் கருத்தும் – ஒரு விமர்சன நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

வளரும் நகரங்களில் நிலமதிப்பு மிகுந்த மையப்பகுதியிலேயே உயர்ந்த கட்டடங்கள் எழும் என்பது நகரமைப்பியலின் பொதுவான எதிர்பார்ப்பு. கோயில் நகரங்களில் இப்போக்கைத் தடுக்க, கோயிலை நடுவாகக் கொண்டு ஒரு வட்டம் வரைந்து அதற்குள் உயர வரம்பு விதிப்பது தமிழகத்தில் அறியப்பட்ட வழிமுறை. மலையே இறைவடிவாக வழிபடப்பெறும் திருவண்ணாமலைக்கு இவ்வழிமுறை பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. உயரத்தைப் பற்றிய தமிழிலக்கிய நோக்கையும் இன்றைய கட்டட விதிகளையும் ஒருங்கே வைத்துப் பார்க்கையில், இவ்வூருக்குத் தேவைப்படுவது பாதையிலிருந்து மலையை நோக்கிய பார்வைக்கோட்டின் அடிப்படையில் அமைந்த விதி என்பதும், உழைக்கும் மக்களின் குடியிருப்பைக் கருதாத எந்த உயர விதியும் முழுமை பெறாது என்பதும் இக்கட்டுரையின் முடிவுகள்.

திறவுச்சொற்கள்: திருவண்ணாமலை, கிரிவலப் பாதை, மாடம், கட்டட உயரம், நகர்மையம், பார்வைக்கோடு.

முன்னுரை

வட ஆர்க்காடு மாவட்டம் 1989-இல் பிரிக்கப்பட்டபோது மாவட்டத் தலைநகரான திருவண்ணாமலை, 2024-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பெற்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்நகராட்சியின் மக்கள்தொகை 1,45,278. பௌர்ணமி நாள்களிலும் கார்த்திகைத் தீபத்தன்றும் இதனைவிடப் பன்மடங்கு மக்கள் ஊருக்குள் வந்து செல்கின்றனர். ஆகவே இவ்வூரின் கட்டடங்கள் குடியிருப்போர் தேவையைக் காட்டிலும் வந்து செல்வோர் தேவையையே பெரிதும் பின்பற்றி எழுகின்றன. சென்னையிலும் கோவையிலும் காணப்படும் வானளாவிய கட்டடங்கள் இவ்வூரின் அடையாளம் அல்ல. தங்கும் விடுதிகளும் அடுக்குமாடி வீடுகளும் மனைப் பிரிவுகளுமே இங்கு வளர்ச்சியின் முகம்.

இவ்வளர்ச்சி குறித்த எதிர்ப்புகள் பெரும்பாலும் கோயிலின் புனிதம் என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஆதரவோ முன்னேற்றம் என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. இவ்விரு சொற்களுக்கும் இடையே ஆராயப்படாமல் நிற்கும் வினா ஒன்று உண்டு. இவ்வூரில் எதன் உயரம், எங்கிருந்து பார்ப்பவருக்காகக் காக்கப்பட வேண்டும் என்பதே அவ்வினா.

1. மாடமும் மலையும்: உவமையின் அளவுகோல்

உயர்ந்த கட்டடம் தமிழ் மரபுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் மனையறம்படுத்த காதையில் கோவலனும் கண்ணகியும் பல நிலை மாடம் ஒன்றின் இடைநிலத்தில் இருக்கின்றனர். பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் மாடங்கள் நிறைந்த நகரங்களைப் பெருமிதத்துடன் பாடுகின்றன. ‘நிலை’ என்னும் சொல் வீட்டின் மாடிக்கும் கோபுரத்தின் அடுக்குக்கும் பொதுவாக வழங்கியது. எனவே, மாடி கட்டுவதே மரபுக்கு மாறானது என்னும் வாதத்திற்கு இலக்கியச் சான்று இல்லை.

திருவண்ணாமலை வட்டாரத்திற்கு மிக நெருக்கமான சங்க நூல் மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள் கொண்ட இவ்வாற்றுப்படையின் தலைவன் நன்னன். அவனது ஊர் செங்கண்மா எனப்பட்ட இன்றைய செங்கம். நன்னனின் மூதூரை வருணிக்கும் புலவர் அங்குள்ள மாடங்களின் உயர்வுக்கு மலையையும் மேகத்தையும் உவமையாக்குகிறார். இவ்வுவமை நுணுகி நோக்கத்தக்கது. உவமையாகக் கூறப்படும் பொருள் உயர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பது தொல்காப்பிய உவமவியலின் கருத்து. மாடம் மலை போன்றது என்று பாடும்போது மலை அளவுகோலாகவும் மாடம் அளக்கப்படும் பொருளாகவும் நிற்கின்றன. கேட்போன் மலையைக் கண்டிருந்தால்தான் மாடத்தின் உயர்வு அவனுக்கு விளங்கும். மலையை மறைத்து எழும் மாடம் தன்னை அளப்பதற்குரிய கோலையே மறைத்துக்கொள்கிறது.

இவ்வூரின் பெயரும் இதனையே வலியுறுத்துகிறது. ‘அண்ணுதல்’ நெருங்குதலாதலின், நெருங்க இயலாத மலை ‘அண்ணாமலை’ எனப் பொருள் கொள்வது மரபு. அடிமுடி தேடிய தொன்மம் இப்பெயருக்கு அமைந்த கதைவடிவம். சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் முதலாக இத்தலத்தைப் பாடிய நூல்கள் மலையின் அளவிறந்த தன்மையையே மையப் பொருளாகக் கொள்கின்றன.

2. நகர்மையம் என்னும் கருத்து

இன்றைய நகரமைப்பில் ‘மையம்’ என்பது நிலமதிப்பு உச்சத்தில் இருக்கும் இடம். அங்கு ஒரு சதுர அடி நிலத்தின் விலை மிகுதியாதலின், அதே நிலத்தின் மேல் பல தளங்கள் அடுக்கப்படுகின்றன. நடுவில் உயர்ந்து விளிம்பில் தாழும் வடிவத்தை நகரம் பெறுவதற்கு இதுவே காரணம்.

அண்ணாமலையார் கோயில் இதற்கு நேர்மாறான அமைப்புடையது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கித் தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் நிறைவுற்ற கிழக்கு ராஜகோபுரம் 11 நிலைகளும் 217 அடி உயரமும் உடையது. அதனைக் கடந்து உள்ளே செல்லச் செல்ல வல்லாள மகாராஜா கோபுரமும் கிளிக் கோபுரமும் அளவில் குறைந்துகொண்டே வருகின்றன. கருவறை விமானம் அவற்றினும் தாழ்ந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் உயரம் விமானத்தில் இருக்க, இங்கு அது வாயிலில் நிற்கிறது. தொலைவிலிருந்து வருவோருக்கு வழிகாட்டுவதே இவ்வுயரத்தின் பணி.

கோயிலும் இவ்வூரின் முழுமையான மையம் அன்று. கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்தது. ஏறத்தாழ 14 கி.மீ. நீளமுள்ள கிரிவலப் பாதை கோயிலையும் உள்ளடக்கி மலையைச் சுற்றி வருகிறது. இந்திரலிங்கம் தொடங்கி ஈசான்யலிங்கம் ஈறாக எட்டு லிங்கங்கள் அப்பாதையின் எட்டுத் திசைகளையும் குறிக்கின்றன. நடுவில் இருப்பது யாரும் வீடு கட்டிக் குடியேறலாகாத மலை. இவ்வூரின் மையம் கட்டடமற்ற மையம்; ஊர் அதனைச் சுற்றிய வளையம். இவ்வடிவத்தைக் கருத்திற் கொள்ளாத நகர்மையக் கொள்கை எதுவாயினும் இங்கு பிழைபடும்.

3. வட்டம் வரையும் விதி

கோயில் நகரங்களில் உயரத்தைக் கட்டுப்படுத்தியதற்குத் தமிழகத்தில் நன்கறியப்பட்ட சான்று மதுரை. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கி.மீ. ஆரத்திற்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பலாகாது என 1997-இல் அரசாணை பிறப்பிக்கப்பட்டது. ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் கோயிலை ஒன்றன்பின் ஒன்றாகச் சூழ்ந்த ஊர் அது. அங்கு கோயிலே நடு. ஆதலின் வட்டம் பொருந்தும்.

மாநிலம் முழுமைக்குமான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் நடைமுறைக்கு வந்தன. 18.30 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடத்தை அவை உயர்மாடிக் கட்டடம் என வகைப்படுத்துகின்றன. கட்டடத்திற்குரிய வாய்ப்பைச் சாலையின் அகலத்தோடு இணைக்கின்றன. தீயணைப்பு ஊர்தி செல்வதற்கும் போக்குவரத்திற்கும் இது தக்க ஏற்பாடே. எனினும் கிரிவலப் பாதைக்கு இதனைப் பொருத்திப் பார்க்கையில் எதிர்பாராத விளைவொன்று புலனாகிறது. நடப்போர் வசதிக்காகப் பாதையை அகலப்படுத்தினால், அதனை ஒட்டிய மனைகளில் மேலும் உயர்த்திக் கட்டுவதற்கான தகுதியும் உடன் வளர்கிறது. அடியவருக்காகச் செய்யப்படும் விரிவாக்கம் அடியவரின் பார்வையையே குறுக்கக்கூடும்.

தொல்லியல் பாதுகாப்பின் வழியும் இவ்வூரில் முயலப்பட்டது. 2002-இல் இந்தியத் தொல்லியல் துறை கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமாக அறிவித்தது. எதிர்ப்பும் வழக்கும் எழுந்து அவ்வறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. வழிபாட்டு உரிமை பற்றிய அச்சம் நியாயமானதே. ஆயினும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானத் தடையும், அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குமுறையும் நடைமுறையில் உள்ளன. அறிவிப்போடு அக்கட்டுப்பாடும் நீங்கியது. பின்னர் 2023-இல் ராஜகோபுரத்திற்கு எதிரே வணிக வளாகம் அமைக்கும் திட்டம் எதிர்க்கப்பட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. கோபுரத்தை மறைக்கும் ஒரு வளாகத்திற்கு எழுந்த குரல், மலையைச் சிறிது சிறிதாக மறைக்கும் நூறு கட்டடங்களுக்கு எழவில்லை என்பது இங்கு சுட்டத்தக்கது.

4. பார்வைக்கோடு: ஓர் எளிய கணக்கு

கிரிவலம் வருவோர் மலையை வலப்புறம் கொண்டு, பாதையின் இடப்புறமாக நடப்பது மரபு. நடக்க நடக்க மலையின் உருவம் மாறுகிறது. ஓரிடத்தில் ஒற்றை முகடாகவும், பிறிதோரிடத்தில் இரண்டாகவும், மூன்றாகவும், ஐந்து முகங்களாகவும் தோன்றும் மலைக்கு அம்மையப்பர், மும்மூர்த்தி, பஞ்சமுகம் என மரபு பொருள் கூறுகிறது. பார்வையிடங்கள் முன்னரே பெயர் பெற்றவை. விதியெழுதுவோர் அவற்றைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை.

பாதையை 14 கி.மீ. சுற்றளவுள்ள வட்டமாகக் கொண்டால் மலையுச்சிக்கும் நடப்பவருக்கும் உள்ள கிடைத்தொலைவு ஏறத்தாழ 2.2 கி.மீ. கடல் மட்டத்திலிருந்து 2,668 அடி உயர்ந்த இம்மலை, சுற்றியுள்ள தரையிலிருந்து சுமார் 600 மீட்டர் எழுவதாகவும், நடப்பவரின் கண் 1.5 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும் கொள்வோம். பாதைக்கும் மலைக்கும் இடையே 9 மீட்டர் கட்டடம் ஒன்று நடப்பவரிடமிருந்து ஏறத்தாழ 27 மீட்டருக்குள் நின்றால் அவருக்கு உச்சி தெரியாது. 18.30 மீட்டர் கட்டடமாயின் ஏறத்தாழ 60 மீட்டருக்குள் நின்றாலே உச்சி மறைந்துவிடும்.

இக்கணக்கிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, மதுரையில் பயன்பட்ட 9 மீட்டர் வரம்பு இங்கு மட்டும் போதாது. பாதையிலிருந்து கட்டடம் எவ்வளவு பின்வாங்கி நிற்கிறது என்பதும் அதற்கு இணையாகக் கருதப்பட வேண்டும். இரண்டாவது, பாதையின் உட்புறமும் வெளிப்புறமும் ஒன்றல்ல. வெளிப்புறக் கட்டடம் எவ்வளவு உயரமாயினும் வலம் வருபவருக்கு மலையை மறைப்பதில்லை. கோயில் மதிலிலிருந்து அளக்கும் வட்டம் இவ்வேறுபாட்டை அறியாது.

பார்வையைச் சட்டத்தால் காக்க இயலுமா என்னும் ஐயத்திற்கு இலண்டன் விடை தருகிறது. புனித பால் தேவாலயத்தின் தோற்றத்தை உயர்ந்த கட்டடங்கள் மறைக்காதிருக்க 1930-களின் பிற்பகுதியிலேயே அங்கு உயரக் கட்டுப்பாடு வகுக்கப்பட்டது. 16 கி.மீ. அளவு தொலைவிலுள்ள ரிச்மண்ட் பூங்காவின் மேடு ஒன்றிலிருந்து அத்தேவாலயத்தை நோக்கும் பார்வைக்கோடு இன்றும் பேணப்படுகிறது. உலகின் பெரும் நிதிநகரங்களுள் ஒன்றான இலண்டன் இதனால் வளராமல் நின்றுவிடவில்லை.

5. சரிவில் ஏறிய வீடுகள்

பார்வை பற்றிய வாதம் இத்துடன் நின்றுவிடின் அது வந்து செல்வோரின் அழகியலாகவே எஞ்சும். இவ்வூரில் உயரம் இரு வகையாக வளர்கிறது. பணமுள்ள இடத்தில் தளத்தின் மேல் தளமாக எழுகிறது. பணமில்லாத இடத்தில் மலைச்சரிவில் வீட்டுக்கு மேல் வீடாக ஏறுகிறது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயலின் பெருமழையால் வ.உ.சி. நகரில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்ததில் 7 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 5 பேர் சிறார். அம்மாதம் நிகழ்ந்த தீபத் திருவிழாவில் பாதுகாப்புக் கருதிப் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. ஒருநாள் ஏறுவோரின் ஆபத்தை அரசால் விரைந்து மதிப்பிட முடிந்தது. ஆண்டு முழுதும் அங்கு உறங்குவோரின் ஆபத்தோ ‘ஆக்கிரமிப்பு’ என்னும் சொல்லுக்குள் மறைக்கப்படுகிறது.

விடுதிகளைத் தூய்மை செய்வோரும் பூக்கட்டுவோரும் கட்டட வேலை செய்வோரும் தொழிலிடத்திற்கு நடந்து செல்லும் தொலைவில் வாழ விரும்புவது இயல்பு. அடிவாரத்து மனைகள் விடுதிகளாக மாறி வாடகை உயரும்போது, அவர்களுக்கு எஞ்சும் அண்மை இடம் சரிவு மட்டுமே. உயர வரம்பு மட்டும் விதித்து மாற்றுக் குடியிருப்பு அமைக்காவிடின் இந்நெருக்கடி மிகும் என்பதை வரம்பை ஆதரிப்போர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாற்றிடம் என்பதும் கவனத்திற்குரியது. சென்னையின் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் பல மாடிக் குடியிருப்புகளே. தொழிலும் பள்ளியும் மருத்துவமனையும் விட்டுத் தொலைவில் மக்கள் குடியேற்றப்பட்டதே அவற்றின் மீதான முதன்மைக் குறை. மாடத்தின் இடைநிலத்தில் இருந்த காவியத் தலைவியின் பெயரைத் தாங்கிய குடியிருப்பில், மாடி என்பது வாழ்வின் உயர்வைக் குறிக்கவில்லை. திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையின் வெளிப்புறத்தில், ஊரிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், மாடிக் குடியிருப்புகளை அமைத்தால் மலையும் மறையாது, தொழிலும் தொலையாது. விதிகள் உயரத்தை அனுமதிக்க வேண்டிய இடம் அதுவே.

முடிவுரை

உயர்ந்த கட்டடத்தைத் தமிழ் மரபு மறுக்கவில்லை. மலையை அதன் அளவுகோலாக வைத்தது. திருவண்ணாமலைக்குரிய கட்டட விதி கோயில் மதிலிலிருந்து வட்டம் வரைவதோடு நில்லாமல், வலம் வரும் பாதையிலிருந்து மலையுச்சிக்குக் கோடு வரைய வேண்டும். பாதையின் உட்புறத்தில் உயரமும் பின்வாங்கலும் சேர்த்து வரையறுக்கப்பட வேண்டும். வெளிப்புறத்தில் கிடைக்கும் உயர வாய்ப்பின் முதல் உரிமை சரிவில் வாழும் குடும்பங்களுக்கு அளிக்கப்பட வேண்டும். மாநகராட்சியாக அண்மையில் மாறிய இவ்வூருக்கு அடுத்த முழுமைத் திட்டம் எழுதப்படும் காலமே இவ்விதிகளுக்கு ஏற்ற காலம். கட்டிய பின் இடிப்பது விடுதிக்கும் கடினம். சரிவில் உள்ள ஓர் அறை வீட்டுக்கு அதனினும் கொடிது.