தலைப்புத் தேடும் மாணவர்

சமூக ஆய்வுச் செயற்றிட்டம் ஒன்றைச் செய்யவேண்டிய மாணவர் முதலில் நாடுவது தலைப்பையே. அதனை அவர் எங்கிருந்து பெறுகிறார் என்பதை நோக்குமிடத்து நம் கல்விமுறையின் குறைபாடொன்று புலப்படும். முன்னைய ஆண்டின் ஒப்படைகளைப் புரட்டுகிறார். விரிவுரையாளருக்கு எது பிடிக்கும் என்று மூத்த மாணவரிடம் விசாரிக்கிறார். ஈற்றில் "மலையக மக்களின் சமூக, பொருளாதாரப் பிரச்சினைகள்" என்றோ "இளைஞரிடையே பண்பாட்டுச் சீரழிவு" என்றோ எழுதிக் கொடுத்துவிடுகிறார். தலைப்பும் ஏற்கப்பட்டுவிடுகிறது. அதில் எவருக்கும் மறுப்பில்லையல்லவா?

மறுப்பில்லாமையே அதன் குற்றம் என்போம். இத்தகைய தலைப்பு ஒரு பொருளின் பெயரேயன்றி வினாவன்று. முப்பது பேரிடம் வினாக்கொத்தைக் கொடுத்து, நூற்றுவீதம் கணித்து, வட்ட வரைபடம் கீறி, அரசு ஆவன செய்தல் வேண்டும் என்று முடித்துவிடலாம். செய்யத் தொடங்கும்போது அறியாதிருந்த எதனையும் முடிக்கும்போது அம்மாணவர் அறிந்திருக்கமாட்டார்.

இப்பழியைப் பிற்போக்காளரின் தலையில் மாத்திரம் சுமத்திவிட்டு நாம் தப்பிக்கொள்வதற்கில்லை. முற்போக்கு எண்ணம் படைத்த நம் மாணவரும் 'சுரண்டல்' என்ற சொல்லை முதற் பக்கத்திலேயே எழுதிவிட்டு, எஞ்சிய பக்கங்களை அதற்குச் சாட்சி தேடுவதிற் கழிக்கின்றனர். சுரண்டல் உண்டென்பது நாம் அறிந்ததே. அது எந்தப் பேரேட்டின் எந்த நிரலில், எவருடைய கையெழுத்தில் நிகழ்கிறது என்பதுதான் நாம் அறியாதது. முடிவை முன்னரே கையில் வைத்துக்கொண்டு களத்துக்குச் செல்பவர் விஞ்ஞான நோக்கைப் பற்றிப் பேசுவது பொருந்தாது.

தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்த மாணவி ஒருவர் மேற்சொன்ன மலையகத் தலைப்புடன் நம்மிடம் வந்தார். முதல் அத்தியாயம் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம். இரண்டாவது 1964ஆம் ஆண்டுச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். இரண்டும் வேண்டியவைதாம், ஆயின் இரண்டும் பிறர் எழுதியவை. தாயார் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டோம். கொழுந்து பறிக்கிறார் என்றார். 2021 மார்ச் மாதத்தில் 1000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வெளியானபின் வீட்டுக்கு வரும் பணம் கூடியதா என்று கேட்டோம். மாணவி சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "முதல் இரண்டு மாதமும் குறைஞ்சதுங்க, சேர். அம்மாவுக்கு அரைப்பேர்தான் கூட விழுந்திச்சு" என்றார்.

குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காதவருக்கு அரைநாட் சம்பளம் எழுதுவதையே தோட்டத்தில் அரைப்பேர் என்பர். நாட்சம்பளம் கூடியபோது அந்த நிறையும் கூட்டப்பட்டதா? ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் தராசில் எத்தனை கிலோ கழிகிறது? மாதத்தில் எத்தனை நாள் வேலை? அரைப்பேர் அதிகமாக விழுவது முதிய பெண்களுக்கா, பால்குடிப் பிள்ளை உள்ளவர்களுக்கா? ஒரு தோட்டத்தின் ஒரு பிரிவில், 2021 மார்ச்சுக்கு முன் மூன்று மாதம், பின் மூன்று மாதம், இருபது வீட்டுச் சம்பளத் துண்டுகள்: ஒரு மாணவியின் கைக்கு அடங்கும் ஆய்வு இதுவே. சம்பளம் கூடிற்று என்று மேடையில் முழங்கியோருக்கும் தோட்டக் கணக்கை எழுதுவோருக்கும் இதன் விடை ஒருங்கே சங்கடம் தரக்கூடும்.

இது மிகச் சிறிய விடயம், சமூகத்தின் முழுமையைக் காட்டாது என்று தத்துவம் பேசும் நண்பர்கள் ஆட்சேபிப்பர். அவர்களுக்கு எட்மண்ட் லீச்சின் 'புல் எலிய' என்ற நூலை நினைவூட்டுவோம். 1954இல் அநுராதபுரப் பகுதியின் சிறு குளக் கிராமமொன்றில் தங்கி, அங்குள்ள வயற்றுண்டுகள் 1890 முதல் எவரிடமிருந்து எவரிடம் சென்றன என்பதை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, 1961இல் அதனை வெளியிட்டார். அவர் மார்க்சியவாதியல்லர். எனினும் உறவுமுறை என்பது நிலத்தையும் நீரையும் விட்டுத் தனித்து நிற்பதன்று என்ற முடிவுக்கு வயலின் வரம்புகளே அவரை இட்டுச்சென்றன. கிராமம் சிறிதென்பதால் வினா சிறிதாகிவிடவில்லை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். பிரட்டுக் களத்திலே கணக்கப்பிள்ளையின் முன்னிலையிற் கேட்கும் வினாவுக்கு ஒரு விடையும், மாலையில் லயத்து இஸ்தோப்பில் அமர்ந்து கேட்கும்போது வேறு விடையும் கிடைக்கும். பின்னைய விடையைத் தந்த பெண்ணின் பெயரோ, இலக்கமோ, அடையாளம் காட்டும் வேறெதுவுமோ அறிக்கையில் இடம்பெறலாகாது. மாணவிக்குக் கிடைப்பது புள்ளி. அப்பெண் இழக்கக்கூடியது வேலை. இதனைச் சொல்லிக்கொடுக்காமல் தலைப்புப் படிவத்தில் ஐந்து நிமிடத்திற் கையொப்பமிடும் ஆசிரியரும் இவ்விடயத்திற் குற்றவாளியே. நாமும் அவ்வாறு பல படிவங்களில் ஒப்பமிட்டவர்களே என்பதை மறைப்பானேன்?

அம்மாணவி இப்பொழுது தாயாரின் சம்பளத் துண்டுகளை அரிசிப் பெட்டிக்கு அடியிலிருந்து தேடி எடுத்திருக்கிறார். ஆறில் ஐந்து கிடைத்துள்ளன. ஆறாவதற்காக அடுத்த வீட்டாரிடம் கேட்கத் தயங்குகிறார். அவ்வீட்டுக்காரர்தான் அங்கே நிறை எழுதுபவராம்.