காட்டுக்குள் ஒரு முத்திரை

1854-ல் இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி கிரான்மியர் குளத்தருகே கற்களைக் குவித்து, அதில் ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் சேற்றில் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டை அதில் போட்டார்கள். பின்னாளில் முகவரி எழுதிய தபால் அட்டையை விட்டுப்போவதும், அடுத்து வருபவர் அதை எடுத்துப்போய்த் தபாலில் சேர்ப்பதும் வழக்கமானது. முகம் தெரியாதவரை நம்பிய அந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்த வழக்கம்தான், ஒளித்துவைத்த பெட்டியைத் துப்பு வைத்துத் தேடும் விளையாட்டாக வளர்ந்தது. 1998-ல் ஸ்மித்சோனியன் இதழில் அதைப் பற்றி வந்த கட்டுரைக்குப் பிறகு இந்த விளையாட்டு அமெரிக்கக் காடுகளிலும் பரவியது. "இரட்டைத் தண்டு மரத்திலிருந்து வடகிழக்கே இருபது தப்படி, பாசி படிந்த பாறைக்குப் பின்னால்" என்கிற மாதிரி துப்பு இருக்கும். யாருடைய தப்படி என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்! கல்லை நகர்த்தினால், இறுக மூடிய பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஒரு ரப்பர் முத்திரையும் நோட்டும். பெட்டியின் முத்திரையை நம் நோட்டிலும், நம்முடையதை அதன் நோட்டிலும் பதிக்க வேண்டும்.

அழிரப்பரில் கையால் செதுக்கியவைதான் அழகு. ஆந்தையின் கண்ணருகே கத்தி சற்றே வழுக்கிய தடம்கூட மையில் தெரியும். கடையில் வாங்கிய முத்திரை என்றால் சப்பென்று ஆகிவிடும். ஜிபிஎஸ் காட்டும் இடத்தில் போய் நிற்கிற ஜியோகேச்சிங்கைவிட இது மந்தம்தான். ஆனால் இதில் ஒவ்வொரு மரத்தையும் நின்று பார்த்தாக வேண்டும். எடுத்த பெட்டியை, யாரும் கவனிக்காதபோது, இருந்த இடத்திலேயே ஒளித்துவிட்டு வருவது முறை.