கேளா ஒலி வரையும் முப்பரிமாணக் கண்

கண்புரை முற்றி வெளுத்துப்போனாலோ, கண்ணுக்குள் இரத்தம் கசிந்து நிறைந்தாலோ, மருத்துவரின் ஒளிக்கருவி பயன்படாது. ஒளி புகாத அவ்விடத்தில் ஒலி புகும். 1956-இல் மண்ட், ஹியூஸ் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் கேளா ஒலியைக் கண்ணுக்குள் செலுத்தி எதிரொலியைக் கோட்டு வரைவாகப் பதிவு செய்தனர். 1958-இல் பாம், கிரீன்வுட் இருவரும் குறுக்குவெட்டுப் படத்தையே பெற்றனர்.

அத்தகைய வெட்டுப் படங்கள் பலவற்றைக் கணிப்பொறி ஒன்றுசேர்த்து இன்று முழு உருவமாகத் தருகிறது. அப்படத்தைக் கண்டு வியக்கும் நீங்கள், அது புதிதாக எதைக் காட்டுகிறது என்றும் கேட்க வேண்டும்.

நொடிக்கு ஒரு கோடி முறை அதிரும் ஒலியை அனுப்பும் ஆய்கருவியை இமைமேல் வைக்கிறார்கள். அது தன் அச்சில் அரைவட்டம் சுழல்கிறது. பாகைக்கு ஒன்றாக 180 வெட்டுகள் எடுப்பதாகக் கொள்வோம். சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளைப் போல அவை அச்சருகே நெருங்கியும் விளிம்பில் விலகியும் நிற்கும். அச்சிலிருந்து 12 மில்லிமீட்டர் தள்ளினால் இடைவெளி ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர். அதைக் கணிப்பொறி ஊகித்து நிரப்புகிறது. இது பெருங்குறையன்று, ஒலிக்கற்றையின் அகலமே அதைவிட மிகுதி. ஆனால் சுழற்சி முடியுமுன் கண் சற்றே அசைந்துவிட்டால், இல்லாத மேடு பள்ளங்கள் உருவத்தில் முளைத்துவிடும்.

கண்ணுக்குள் வளரும் கட்டியின் பருமனை அளக்க இம்முறை மெய்யாகவே உதவுகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றை மட்டும் அளந்து, கட்டியை முட்டை வடிவமெனக் கருதிக் கணக்கிட்டால், கோணல்மாணலான கட்டியில் விடை தவறும். இங்கோ வெட்டு வெட்டாக எல்லை வரைந்து பருமனைக் கூட்டலாம். ஆறு மாதம் கழித்து அது வளர்ந்ததா என ஒப்பிடவும் முடியும். இதற்காகவே இக்கருவியை வாங்கலாம் என்பேன்.

இரத்தம் நிறைந்த கண்ணில் கேள்வியே வேறு. உள்ளே தெரியும் திரை, பிரிந்துவிட்ட விழித்திரையா, விழித்திரையை விட்டு விலகிய கூழின் வெறும் சவ்வா? முன்னதானால் அறுவையைத் தள்ளிப்போட முடியாது, பார்வையே போய்விடும். உறைந்து நிற்கும் முப்பரிமாண உருவத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். தேர்ந்த மருத்துவர் பழைய வெட்டுப் படத்தைத் திரையில் ஓடவிட்டு, “கண்ணை இடமும் வலமும் அசையுங்கள், நிறுத்துங்கள்” என்பார். கண் நின்ற பின்னும் சவ்வு தளதளவென்று ஆடும். விழித்திரை, நரம்பு புகும் இடத்தில் பற்றிக்கொண்டு, விறைப்பாகச் சற்றே அசையும். பிறகு கருவியின் உணர்திறனைக் குறைப்பார். சவ்வு பெரும்பாலும் மங்கி மறையும், விழித்திரை நிலைத்திருக்கும். இன்னும் ஐயமிருந்தால் கோட்டு வரைவுக்கே திரும்புவார். அதில் விழித்திரையின் எதிரொலி ஓங்கிய ஒற்றை முனையாக நிமிர்ந்து நிற்கும்.