எலைசா தரும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

பூண்டுலோயாத் தோட்டங்களில் மாட்டுப்பட்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்குக் கறவைப் பசு இரண்டாவது சம்பளம். கன்று ஈன்ற பசு மறுபடி பருவத்துக்கு வரப் பிந்தினால் அடுத்த கன்று பிந்தும், பால் காசு பிந்தும், கடன் தவணையும் தவறும். இந்தத் தாமதத்தின் காரணத்தைப் பசுவின் இரத்தத்தில் தேட ஒரு வழி உண்டு. இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி-1, சுருக்கமாக ஐஜிஎஃப்-1 என்ற புரதத்தை அளப்பதுதான் அது. ஈன்ற முதல் வாரங்களில், தின்னும் தீனி கொடுக்கும் சக்தியை விடப் பாலுக்குச் செலவாகும் சக்தி அதிகம். அப்போது வளர்ச்சி ஓமோன் கூடினாலும் ஈரல் ஐஜிஎஃப்-1ஐக் குறைவாகவே சுரக்கிறது. அது தாழ்ந்தே கிடக்கும் பசுக்களில் சினைமுட்டை வெளிப்படுவது தள்ளிப்போவதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

இதை அளக்க இன்று பெரும்பாலும் வாங்கப்படுவது எலைசா கிட். 1971இல் ஸ்டொக்ஹோமில் எங்வாலும் பெர்ல்மனும் இந்த முறையை வெளியிட்டார்கள். நெதர்லாந்தில் வேறொரு குழுவும் அதே காலத்தில் தனியாக இதைக் கண்டது. அதற்கு முன் இருந்தது ரோசலின் யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு வாங்கித் தந்த கதிரியக்க முறை. மிக நுட்பமானது, ஆனால் கதிரியக்கப் பொருளைக் கையாள அனுமதியும் தனி அறையும் வேண்டும். எலைசா அந்தச் சுமையை நீக்கியது. தட்டின் குழிகளில் ஒட்டியிருக்கும் பிறபொருளெதிரி நமக்கு வேண்டிய புரதத்தைப் பிடிக்கிறது. நொதியம் இணைத்த இரண்டாவது பிறபொருளெதிரி அதன் மேல் அமர்கிறது. நொதியம் கரைசலை நிறமாற்றுகிறது. நிறத்தின் அடர்த்தியைக் கருவி எண்ணாக்குகிறது. ஒரு மில்லிலீற்றரில் நனோகிராம் கணக்கில் இருக்கும் புரதத்தை ஒரு சிறிய ஆய்வுகூடம் ஒரே நாளில் அளந்துவிட முடிகிறது. கால்நடை ஆராய்ச்சிக்கு இது பெரும் வரம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் கவலை வேறு. கிட் எந்த மாதிரியை ஊற்றினாலும் ஏதோ ஓர் எண்ணைத் தந்துவிடும். நிறம் எதனால் வந்தது என்று கருவிக்குத் தெரியாது.

ஐஜிஎஃப்-1 இரத்தத்தில் தனியாகத் திரிவதில்லை. அதன் பெரும்பகுதி ஆறு வகைப் பிணைப்புப் புரதங்களின் பிடியில் இருக்கிறது. அமிலமும் எதனோலும் கொண்டோ வேறு முறையிலோ அதை முதலில் விடுவிக்காவிட்டால், பிறபொருளெதிரி அதை முழுமையாக எட்டாது. அப்படி வரும் எண், பிணைப்புப் புரதம் எவ்வளவு இருந்தது என்பதையே பாதி சொல்லும். ஈன்ற பசுவில் அந்தப் புரதங்களும் மாறிக்கொண்டிருக்கும் என்பதால் பிழை இன்னும் ஆழமாகும். விலங்கினமும் முக்கியம். மனிதனுக்கும் மாட்டுக்கும் ஐஜிஎஃப்-1இன் 70 அமினோ அமிலங்களும் ஒன்றே. கோழியில் எட்டு வேறுபடும். ஆகவே மனிதருக்கான கிட் மாட்டுக்குப் பொருந்தக்கூடும், கோழிக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பெரிய ஆய்வுகூடங்களும் இதில் இடறியிருக்கின்றன. 2013இல் ஹார்வர்ட் குழு ஒன்று, முதிய எலிகளின் இரத்தத்தில் ஜிடிஎஃப்-11 என்ற வளர்ச்சிக் காரணி குறைகிறது என்றும், அதை ஏற்றினால் தடித்த இதயத் தசை பழைய நிலைக்குத் திரும்புகிறது என்றும் அறிவித்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. 2015இல் நோவார்ட்டிஸ் நிறுவன ஆய்வாளர்கள், அந்த அளவீட்டுக்குப் பயன்பட்ட பிறபொருளெதிரி உள்ளிட்ட பொருட்கள், மிக நெருங்கிய உறவுப் புரதமான மயோஸ்டாட்டினையும் சேர்த்தே பிடிக்கின்றன என்று காட்டினார்கள். விவாதம் பின்னரும் தொடர்ந்தது. ரொறன்ரோவில் கணையப் புற்றுநோயை ஆராய்ந்த குழுவோ, விலைக்கு வாங்கிய எலைசா கிட் தாங்கள் தேடிய புரதத்தை விட்டு வேறொன்றை அளந்திருப்பதைக் கண்டுபிடித்து 2014இல் வெளியிட்டது. அத்தனை வசதியுள்ள இடங்களிலேயே இப்படி என்றால், ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்ற ஒட்டுச்சீட்டோடு வரும் கிட்டை நாம் பெட்டியின் மேலே உள்ள எழுத்தை மட்டும் நம்பி எப்படிப் பிரிப்பது?

நம் மலைநாட்டில் இன்னும் சில தடைகள் கூடுகின்றன. பூண்டுலோயாவில் எடுத்த இரத்தம் தவலந்தென்ன, புசல்லாவை, கம்பளை என்று வளைந்து பேராதனை ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டும். நீர்ப்பாயத்தைப் பிரிக்காமல் குலுங்க விட்டால் செங்குருதிக் கலங்கள் உடைந்து மாதிரி சிவந்துவிடும். கிட்டை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்கவேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டை அறிவித்த நாடு இது. பல நூறு டொலர் கொடுத்து வாங்கும் கிட்டில் ஒரு குழியும் வீணாகக் கூடாது என்ற பதைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் முதலில் வெட்டப்படுவது சரிபார்ப்புக் குழிகள்தான் என்பது பொறுக்க முடியாதது.

சரிபார்ப்பு பெரிய வித்தையல்ல. பசுவின் நீர்ப்பாயத்தை இரண்டு, நான்கு, எட்டு மடங்கு ஐதாக்கி அளந்து, திருப்பிப் பெருக்கினால் ஏறத்தாழ ஒரே எண் வரவேண்டும். தெரிந்த அளவு ஐஜிஎஃப்-1ஐச் சேர்த்தால் அதில் 80 முதல் 120 சதவீதத்துக்குள் திரும்பத் தென்படவேண்டும். ஒரு தட்டில் 96 குழிகள். நியமக் கரைசல்களுக்கு 16 போக, மாதிரிகளை இரட்டையாக வைத்தால் 40 பசுக்கள் அடங்கும். சரிபார்ப்புக்கு 24 குழி ஒதுக்கினால் 28 பசுக்கள். அந்த 28தான் எனக்கு வேண்டும்.

பேராதனைக்கு இந்த ஒழுங்கு புதிதுமல்ல. ஐ.நா. உணவு விவசாய அமைப்பும் சர்வதேச அணுசக்தி முகவரகமும் இணைந்து, மாடு சினைப்படுவதை ஆராய புரொஜெஸ்தரோன் அளக்கும் கதிரியக்கக் கிட்களை வளரும் நாடுகளுக்குக் கொடுத்தபோது பேராதனையும் அதில் பங்கேற்றது. கிட்டோடு பயிற்சியும், வெளியாரின் தரச் சோதனையும் சேர்ந்தே வந்தன. அந்தத் திட்டத்தின் பலம் அதில்தான் இருந்தது. இன்று கிட் மட்டும் தனியாக விமானத்தில் வந்து இறங்குகிறது.

கால்நடை ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு எழுதுபவர்கள் சரிபார்ப்புக்கென்று ஒரு தட்டைத் தனியாகக் கேளுங்கள். நிதி வழங்குபவர்கள் அதை வெட்டாதீர்கள். ஆய்வேட்டைத் திருத்தும் பேராசிரியர்கள், ஐதாக்கல் வரைபடம் இல்லாத ஐஜிஎஃப்-1 எண்ணைத் திருப்பி அனுப்புங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் தோட்டத்துப் பசுவுக்கு என்ன தீனி போடுவதென்று யாரோ சொல்லப்போகிறார்கள்.