வேலை நேரத்துக்கு வெளியே

போன வருஷம் சிங்கப்பூரில் ஓர் உல்லாசக் கப்பல் பழுதுபார்ப்புக்காக ட்ரைடாக்கில் ஏறி நின்றது. அதன் குளிர்சாதனக் காற்றுக் குழாய்களைச் சோதிக்க ஐந்து நாள் உள்ளே போய்வந்தேன். பயணிகள் யாரும் இல்லை. மேல்தளக் கம்பளங்களில் பிளாஸ்டிக் விரித்திருந்தார்கள். எனக்கு வேலை கீழே, பணியாளர் தளத்தில். கப்பலின் முன்னாலிருந்து பின்னால்வரை ஒரே நீள நடைபாதை, இரும்புச் சுவர், தலைக்கு மேல் குழாய்கள். அமெரிக்கக் கம்பெனிக் கப்பல்களில் இந்த நடைபாதைக்கு 'ஐ-95' என்று பட்டப்பெயர், அங்குள்ள நெடுஞ்சாலை ஒன்றின் பெயர். பிரிட்டிஷ் கப்பல்களில் 'எம்1'. அதன் ஓரத்தில் ஒரு ஸ்டோர் அறை. அதற்குள் ஓர் அட்டைப்பெட்டி. பெட்டி நிறைய ரைஸ் குக்கர்கள்.

எல்லாம் சின்னது, ஓர் ஆளுக்குப் பொங்கலாம். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி கேபின் எண் எழுதியிருந்தது. "கேபின்ல சமைக்கக்கூடாது, தீ ஆபத்து. சோதனையில பிடிச்சது" என்றார் கூட வந்த ஊழியர். பொறியியல் படித்தவனாக நான் சோதனை செய்தவர் பக்கம்தான். நடுக்கடலில் தீப்பிடித்தால் இறங்கி ஓட முடியாது. ஆனால் பணியாளர் சாப்பாட்டுக்கூடம் அந்த அறையிலிருந்து ஐம்பது அடிகூட இல்லை. அங்கே மூன்று வேளையும் சோறு கிடைக்கும். பிறகு ஏன் பதினொரு பேர் வேலை போகும் ஆபத்தோடு குக்கரை மறைத்து வைத்தார்கள்?

இந்தக் கேள்வியோடுதான், உல்லாசக் கப்பல்களைப் பற்றி நான் முன்பே படித்ததையும் பார்த்ததையும் திரும்ப எடுத்தேன். வேலை முடிந்த பிறகு கப்பல் பணியாளர் என்ன செய்கிறார், யாரோடு உட்காருகிறார் என்று எந்தப் படைப்பாவது ஒழுங்காகச் சொல்லியிருக்கிறதா?

தமிழிலிருந்தே தொடங்கலாம். 'மன்மதன் அம்பு' (2010) பெரும்பகுதி கப்பலில் நடக்கிற படம். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதில் வரும் கப்பல் ஊழியர் ஒருவர் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. இது படத்தின் குறையா, என் குறையா? இரண்டும்தான். இந்தியில் 'தில் தடக்னே தோ' (2015) ஓர் அடி கூடுதலாக எடுத்துவைக்கிறது. நாயகி கப்பலில் ஆடும் நடனக்காரி. பயணியான பணக்கார வீட்டுப் பையனோடு காதல், அதனால் வேலை போகிறது. பணியாளர் பயணியோடு நெருங்கக்கூடாது என்ற விதி உண்மையானது, கடுமையானது. ஆனால் கவனியுங்கள், படம் தேர்ந்தெடுத்த பணியாளர் நடனக்காரி. கப்பலில் அதிகாரி, 'ஸ்டாஃப்', 'க்ரூ' என்று மூன்று சாதி. சாப்பாட்டுக்கூடமே தனித்தனி. நடனக்காரர்கள் நடுச்சாதி. ஓய்வு நேரத்தில் பயணிகள் தளத்துக்குப் போய்வர அவர்களுக்குப் பெரும்பாலும் அனுமதி உண்டு. பாத்திரம் கழுவுகிறவருக்கு அது கிடையாது. அதாவது, ஏற்கனவே கண்ணில் படுவதற்கு அனுமதி பெற்றவரைத்தான் படமும் கண்டுபிடிக்கிறது.

டேவிட் ஃபாஸ்டர் வாலஸின் கட்டுரையை நம்மில் பலர் ஆங்கிலத்தில் படித்திருப்போம். 1995இல் ஏழு இரவு கரீபியக் கப்பல் பயணம் போய்விட்டு அடுத்த ஆண்டு 'ஹார்ப்பர்ஸ்' இதழில் எழுதியது. அவருடைய அறையைச் சுத்தம் செய்யும் பெண்ணின் பெயர் பெட்ரா. அரை மணி நேரத்துக்கு மேல் வெளியே போனால் அறை புதிதாகிவிடுகிறது, அதற்குக் குறைவாகப் போனால் ஒன்றும் நடப்பதில்லை. இவர் போகும் நேரத்தை அவள் எப்படித் தெரிந்துகொள்கிறாள் என்று ஒரு துப்பறிவாளன் மாதிரி சோதித்துப் பார்க்கிறார். படிக்கச் சிரிப்பாக இருக்கும். நானும் சிரித்தேன், ஸ்கூடாய் ஹாஸ்டலில் படித்தபோது. இப்போது மறுபடி படித்தால், அந்தச் சோதனை முழுவதும் தன்னைப் பற்றியதுதான் என்று தெரிகிறது. பெட்ரா எப்போது தூங்குகிறாள் என்று அவர் ஒருமுறையும் சோதிக்கவில்லை.

ஆனாலும் ஒன்றில் அவரை நம்புகிறேன். கப்பல் நிர்வாகம் அவரைப் பணியாளர் தளத்துக்குள் விடவில்லை, அதை அவர் மறைக்கவில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் நடப்பதைக் கற்பனை செய்து எழுதவும் இல்லை. அவர் எழுத்தில் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. நிறைய பேர் அதை நிரப்பிவிடுகிறார்கள். 'க்ரூஸ் கான்ஃபிடென்ஷியல்' எழுதிய பிரையன் டேவிட் ப்ரன்ஸ் கப்பல் உணவகத்தில் உண்மையிலேயே வேலை பார்த்தவர். கீழ்த்தளத்துக் குடி, கூத்து, காதல் எல்லாம் அந்தப் புத்தகத்தில் உண்டு. பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகக்கூடிய ஓர் அமெரிக்கரின் கீழ்த்தளம் அது. மாதா மாதம் ஊருக்குப் பணம் அனுப்பியே ஆகவேண்டியவர் அதே மதுக்கூடத்தில் வேறு மாதிரி உட்கார்ந்திருப்பார்.

இந்த வரிசையில் ஒரே ஒரு காட்சிதான் என்னை உட்காரவிடாமல் செய்தது. ரூபென் ஓஸ்ட்லண்டின் 'ட்ரையாங்கிள் ஆஃப் சேட்னஸ்'. 2022 கான் விழாவின் தங்கப்பனை வாங்கிய படம். இது உல்லாசக் கப்பல்கூட இல்லை, பணக்காரர்களின் சொகுசுப் படகு. வெந்நீர்த் தொட்டியில் கிடக்கும் ஒரு பணக்காரப் பெண்ணுக்குத் திடீரென்று கருணை பொங்குகிறது. பானம் கொண்டுவந்த ஊழியையை நீயும் இறங்கு என்கிறாள். அதோடு விடவில்லை, எல்லா ஊழியர்களும் நீந்தவேண்டும் என்கிறாள். பயணி கேட்டால் முடியாது என்று சொல்லக்கூடாது, அதுதான் விதி. ஆகவே தலைமைப் பணிப்பெண் உத்தரவு போட, சமையற்கட்டு ஆட்கள்வரை வரிசையில் வந்து சறுக்கிக் கடலில் விழுகிறார்கள். ஓய்வே வேலையாகிவிடுகிறது. இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் இதைக் காட்டி நான் பார்த்ததில்லை.

அந்தக் காட்சியைக் கிள்ளானில் என் பெரியப்பா மகனிடம் போனில் போட்டுக் காட்டினேன். அண்ணன் ஆறு வருஷம் கப்பலில் இருந்தவர். பாத்திரம் கழுவப் போய், பிறகு உணவகத்தில் பரிசாரகராக உயர்ந்தார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் 'ஊர் ஊரா சுத்துனவன்'. கல்யாண வீடுகளில் "உனக்கென்னப்பா, ஓசியிலே உலகம் பார்த்துட்டே" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன். காட்சியைப் பார்த்துவிட்டு நான் எதிர்பார்த்த மாதிரி அவர் கோபப்படவில்லை. "சரி, எல்லாரும் நனைஞ்சாச்சு. ராத்திரி டின்னர் சர்வீஸ் இருக்குல்ல? அந்தத் துணியெல்லாம் யாரு தொவைக்கிறது? கீழ மெஷினுக்கு வரிசை நிக்கணும்டா" என்றார்.

நான் 'அதிகார உறவு' என்றெல்லாம் ஒரு பக்கம் குறிப்பெழுதி வைத்திருந்தேன். அவர் ஒரே வரியில் கணக்கை முடித்துவிட்டார். பயணி தானம் கொடுத்த அந்த அரை மணி நேரம், அன்றிரவு அவர்கள் சொந்த ஓய்விலிருந்துதான் கழியும். இங்கேதான் படம் ஏமாற்றுகிறது. ஊழியர்கள் சறுக்கி விழுகிறார்கள், கேமரா மேலே திரும்பிவிடுகிறது. ஈரத்தோடு அவர்கள் கீழே இறங்கிப்போன நடைபாதைக்குள் அது போகவில்லை. அதே படத்தில் இன்னோர் இடம் உண்டு. மேலே வெள்ளைக்கார முன்வரிசை ஊழியர்கள் டிப்ஸ் கனவில் ஆரவாரம் செய்து தரையை மிதிக்கிறார்கள், கீழே ஆசியத் துப்புரவுப் பணியாளர்களுக்கு அந்தச் சத்தம் கேட்கிறது. சில நொடிகள்தான். படத்தின் பிற்பகுதியில் தீவில் நடக்கும் அந்த நீளமான தலைகீழ் விளையாட்டை முழுசாகக் கொடுத்துவிட்டு இந்தச் சில நொடிகளை வாங்கிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது.

கதையிலும் சினிமாவிலும் கிடைக்காததைச் சட்டத்தில் தேடினேன். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் கொண்டுவந்தது, 2013இல் நடப்புக்கு வந்தது. அதில் ஓய்வு நேரம் என்றால் என்ன என்று ஒரு விளக்கம் வருகிறது. வேலை நேரத்துக்கு வெளியே இருக்கும் நேரம், அவ்வளவுதான். இருபத்துநான்கு மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், ஏழு நாளில் 77 மணி நேரம். அந்தப் பத்தையும் இரண்டாக உடைக்கலாம், ஒரு துண்டு ஆறு மணி நேரமாவது இருக்கவேண்டும். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம், அதில் 77 போனால் 91. ஓய்வை வைத்துக் கணக்குப் பார்க்கும் கப்பலில் 91 மணி நேரம்வரை வேலை வாங்கினாலும் விதி மீறியதாகாது. குளிப்பது, துவைப்பது, வரிசையில் நிற்பது, வீட்டுக்குப் பேசுவது எல்லாமே அந்த 77க்குள்.

இதே உடன்படிக்கையின் வழிகாட்டிப் பகுதியில், கடலோடிகளின் பொழுதுபோக்குக்கு என்னென்ன வைக்கலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நான் படித்ததிலேயே மனசுக்கு நெருக்கமான கப்பல் இலக்கியம் அதுதான் என்றால் சிரிக்காதீர்கள். புகைபிடிக்க ஓர் அறை, பயணம் முடியும்வரை தீராத அளவு சினிமாப் படங்கள், புத்தகங்கள், மேசை விளையாட்டுகள், முடிந்தால் நீச்சல், கைவினை செய்ய வசதி, கேசட் பிளேயர். யாரோ ஒருவர் ஜெனிவாவில் உட்கார்ந்து, கேபினில் தனியாக இருக்கும் ஒரு மனிதனை நினைத்துப் பார்த்து, அவன் ஏதாவது பின்னுவான், ஏதாவது செதுக்குவான் என்று நம்பியிருக்கிறார். வாலஸும் ஓஸ்ட்லண்டும் அந்த அளவுக்கு யோசிக்கவில்லை. இணைய வசதி பட்டியலில் கடைசியில், வழிகாட்டியாக மட்டும் இருந்தது. 2024 டிசம்பரில்தான் அது கட்டாய விதிகளுக்குள் வந்தது.

இணையம் வந்ததும் பணியாளர்களே பேசத் தொடங்கிவிட்டார்கள். பிலிப்பீன்ஸ், இந்தோனீசியா, கோவா ஆட்கள் எடுக்கும் கேபின் வீடியோக்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. இரட்டை அடுக்குக் கட்டில், அதற்கொரு திரை, கதவைத் திறந்தால் மற்றவர் எழுந்து நிற்கவேண்டிய இடம். தகவலுக்கு இதைவிட நல்ல மூலம் இல்லை. ஆனால் விமர்சனமாகச் சொன்னால் ஒரு சிக்கல் இருக்கிறது. எடுப்பவர் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே இருக்கிறார், மேல்தளத்தில் பயணிக்குக் காட்டிய அதே சிரிப்பு. பார்வையாளர் என்று ஒருவர் வந்ததுமே வேலை முகம் திரும்பிவிடுகிறது. அவர்களைக் குறை சொல்லவில்லை, கம்பெனி பார்க்கும் என்ற பயமும் இருக்கும். எனக்குப் பிடித்தவை தவறுதலாக நீண்டுபோன வீடியோக்கள். ராத்திரி ஒரு மணிக்கு ஆளில்லாத சாப்பாட்டுக்கூடம். ஒருவர் இன்ஸ்டன்ட் மீ கிளறிக்கொண்டே வீட்டுக்கு வீடியோ கால் பேசுகிறார். மனைவியின் முகம் உறைந்து நிற்கிறது. அவரும் அப்படியே கரண்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்.

நேரம் மட்டும் போதாது, தன் முகத்தை யாரும் எதிர்பார்க்காத இடமும் வேண்டும் என்று இதையெல்லாம் வைத்து ஒரு முடிவுக்கு வந்தேன். அண்ணனிடமே போய்ச் சொன்னேன். அவர் முதலில் தலையாட்டினார். "சிரிச்சு சிரிச்சு தாடை நோவும். கட்டில் திரைய இழுத்துட்டா அது என் வீடு" என்றார். நான் உற்சாகமாகிக் குறிப்பெடுக்கப்போனதும் நிறுத்தினார்.

"அதுக்காக எல்லாரும் மொகத்தத் தொங்கப்போட்டு ஒக்காந்திருந்தோம்னு எழுதிடாதே. க்ரூ பார்ல பீர் விலை கம்மி. பிங்கோ போடுவாங்க. பிலிப்பினோ பசங்களுக்குப் பிறந்தநாள்னா கரோக்கே, காது கிழியும். ஒரு பாலிக்காரன் எனக்கு முடி வெட்டுவான், நான் அவனுக்கு யூனிஃபாரம் தேய்ச்சுக் கொடுப்பேன். துறைமுகத்துல கப்பல் நின்னா மூணு மணி நேரம் கிடைக்கும். அன்னிக்கு எமர்ஜென்சிக்காகக் கப்பல்லயே இருக்கணும்னு பேர் போட்டுட்டா அதுவும் இல்ல. இறங்குனா எங்க போவோம்னு நெனைக்கறே? ஹார்பர்ஃபிரன்ட்ல விவோசிட்டி. ஷாம்பு, மீ பாக்கெட், வைஃபை. மெர்லயன நான் பார்த்ததே இல்ல."

ஆறு வருஷத்தில் எத்தனையோ முறை சிங்கப்பூர் வந்தவர். நான் தினமும் ஜோகூரிலிருந்து பாலம் கடந்து வேலைக்கு வருகிறவன். பஸ் வரிசையில் நிற்கும் என் இரண்டு மணி நேரம் வேலையா ஓய்வா என்று எந்தப் படிவமும் கேட்டதில்லை. ஆனால் என்னால் ஞாயிற்றுக்கிழமை மெர்லயனைப் பார்க்கப் போக முடியும். இரண்டையும் ஒன்றாக்கி எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் படித்தவரை, நம் மலேசிய சிங்கப்பூர்த் தமிழ்க் கதைகளில் தோட்டம் இருக்கிறது, தொழிற்சாலை இருக்கிறது, லாரி ஓட்டுநர் இருக்கிறார். கப்பலுக்குப் போன அண்ணன்கள் கல்யாண வீட்டு வரிசையில் மட்டும் வந்து, வாங்கிவந்த சாக்லெட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பாலிக்காரனின் கத்தரிக்கோலை ஒரு கதையில் படிக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. நான் எழுதினால் கெட்டுப்போகும், அது தெரியும்.

கடைசியாக அந்த அட்டைப்பெட்டியைப் பற்றிச் சொல்லி, சோறுதான் கீழே கிடைக்குமே, பிறகு எதற்கு குக்கர் என்று கேட்டேன்.

"மெஸ்ல போடறது எல்லாருக்கும் பொங்குன சோறு. இது நாலு பேரு கதவச் சாத்திக்கிட்டு, எப்போ வேகும் எப்போ வேகும்னு பார்த்துக்கிட்டு இருக்கறது. ஒருத்தன் ஊறுகாய் எடுப்பான், ஒருத்தன் கருவாடு. வாசம் வெளிய போகாம இருக்க கதவு இடுக்குல ஈரத் துண்டு."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, நான் பார்த்த கப்பல் அவருடைய கப்பல் இல்லை என்று தெரிந்தும் கேட்டார்.

"அந்தப் பெட்டியில செவப்பு கலர்ல ஒண்ணு இருந்துச்சா? மூடியில ஒரு கீறல் இருக்கும்."