தொண்ணூற்றொன்பது பூக்களும் ஒரு கேள்வியும்

குறிஞ்சிப்பாட்டை முதுகலை வகுப்பில் நடத்தும்போது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "இவ்வளவு பூப்பேரை அந்தப் பொண்ணு ஏம்மா சொல்றா? அம்மாகிட்டதானே பேசுறா?" ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் வேலைக்குப் போகும் தாயின் மகள் அவள். இருபது ஆண்டுகளாக இப்பாட்டை நடத்தி வரும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

கபிலர் பாடிய 261 அடிகளில் ஏறத்தாழ 35 அடிகள் பூக்களுக்கே போய்விடுகின்றன. மொத்தம் 99 பூக்கள். இயற்கை வருணனை என்று பாராட்டி, மனப்பாடப் போட்டிக்கு உரியதாக்கி, நாம் கடந்துவிடுகிறோம். ஆனால் பாட்டின் துறை அறத்தொடு நிற்றல். தலைவி மெலிந்திருக்கிறாள், செவிலி காரணம் தேடுகிறாள், தோழி விடை சொல்கிறாள். 'நீதான் எங்களைத் தினைப்புனம் காக்க அனுப்பினாய்' என்பதிலிருந்து அவள் தொடங்குகிறாள். கிளி ஓட்டினோம், அருவியில் ஆடினோம், பூப்பறித்துப் பாறையில் குவித்தோம், தழையுடுத்து அசோக மரநிழலில் இருந்தோம் என்று அடுக்கிய பிறகுதான் அவன் வருகிறான். அதாவது இந்தப் பட்டியல் 'எங்கே போயிருந்தாய்?' என்ற கேள்விக்கான பதிலின் ஒரு பகுதி. கணக்குக் கேட்கப்படுகிறவள்தான் இத்தனை நுணுக்கமாகப் பேசுவாள். பேருந்து எத்தனை மணிக்கு வந்தது, எந்த நிறுத்தத்தில் நின்றது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்காமலே ஒப்பிக்கும் நம் பெண்களைப் போல.

பூக்களைப் பாருங்கள். காந்தள், வேங்கை, குறிஞ்சி இருக்கின்றன. கூடவே முல்லை, கொன்றை, ஆம்பல், தாழை, புன்னை, ஆவிரை. கடற்கரைப் பூவும் காட்டுப் பூவும் ஒரே பாறையில் குவிகின்றன. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூப்பதும் அன்றாடம் பூப்பதும் ஒரே பகலில் பறிக்கப்படுகின்றன. இதைப் புலமைக் கற்பனை என்பார்கள். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. ஆண்டு முழுவதும் காட்டுக்குள் போய்வர வாய்ப்பில்லாதவளுக்கு, கிடைத்த ஒரே பகலில்தான் எல்லாப் பருவமும் பூத்தாக வேண்டும்.

வாய்ப்பு இல்லை என்பது என் ஊகமல்ல. அகப்பாடல்களில் தினை விளையும்வரைதான் பெண்ணுக்குப் புனம். கதிர் கொய்தால் காவல் முடிந்தது; அடுத்தது இற்செறிப்பு. முல்லைத் திணைக்கு வாருங்கள். கார்காலக் காட்டை யார் பார்க்கிறார்கள்? வினைமுடித்துத் தேரில் திரும்புகிறவன். பாகனிடம் அதைக் காட்டிக்காட்டி வருகிறவன். அவளுக்கு அதே கார்காலம் முற்றத்து முல்லைக்கொடியில் தெரிந்தால் போதும். தொல்காப்பியம் ஆறு பெரும்பொழுது வகுத்தது. அவனுக்கு அவை வழியில் வந்தன. அவளுக்கு வாசலில் வந்து நின்றன.

சென்ற ஆண்டு நான் ஒன்று செய்துபார்த்தேன். வேலூரிலிருந்து 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது அமிர்திக் காடு. நெமிலியிலிருந்து மூன்று பேருந்து மாறிப் பெரும்பொழுதுக்கு ஒருமுறை என ஆறு முறை அங்கே போனேன். ஐப்பசியில் அருவியில் தண்ணீர் விழுந்தது, வேலியோரம் காந்தள் இருந்தது. தையில் வழியெங்கும் ஆவாரம்பூ. மாசியில் இலையுதிர்ந்து காடு வெளிச்சமாகிவிட்டது. சித்திரையில் கொன்றை, அருவியிருந்த இடத்தில் வெறும் பாறை. ஆறு முறையும் வீட்டில் "ஆராய்ச்சி வேலை" என்றுதான் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். நாற்பத்தைந்து வயதில், முனைவர் பட்டத்தோடு, மரம் பார்க்கப் போகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கட்டுரையும் அந்தப் பொய்யை உண்மையாக்கும் முயற்சியோ என்னவோ.

காட்டில் பெண்களே இல்லாமல் இல்லை. சுள்ளி பொறுக்குபவர்கள், கடுக்காய் பொறுக்குபவர்கள் இருந்தார்கள். கடுக்காயும் ஆவாரம்பட்டையும்தான் நம் ஊர்த் தோல் பதனிடும் தொழிலுக்குப் பழைய முதல். கபிலரின் பட்டியலில் உள்ள ஆவிரை, மடலேறும் ஆண் சூடிக்கொள்ளும் பூவும்கூட. தன் காதலை ஊரறியச் சொல்ல அவனுக்கு அந்த வழி உண்டு. பெண் மடலேறுவதைத் தொல்காப்பியம் ஏற்கவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஆவாரை சூடும் பூவாகவோ கூலிக்கு உரித்த பட்டையாகவோதான் தெரியும். வேலையென்றால் காடு திறந்திருக்கிறது, அன்றும் இன்றும். தினைப்புனமும் வேலைதானே.

ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தவே இப்பாட்டு எழுந்தது என்பது மரபு. அந்த அரசன் களவையும் கற்பையும் கற்றிருப்பான். வெளியே போய்வந்த ஒரு பகலுக்காக ஒரு பெண் 99 பூக்களைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருந்ததைக் கவனித்தானா, தெரியாது. நாமாவது கவனிக்கலாம். கபிலரின் பெருமை அதனால் குறையாது. பெண்ணின் வாயில் இவ்வளவு அறிவை வைத்தவர் அவர்தான். அந்த அறிவைக் கேள்விக்குப் பதிலாக மட்டுமே பேசவைத்தவரும் அவர்தான்.

அந்த மாணவியிடம் இதையெல்லாம் சொன்னேன். "சும்மா போய்ப் பாத்துட்டு வந்தேன்னு சொன்னா ஆகாதாம்மா?" என்றாள். அடுத்த கார்காலத்தில் வகுப்பையே அமிர்திக்கு அழைத்துப்போக எண்ணியிருக்கிறேன். அனுமதிக் கடிதத்தில் 'நோக்கம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.